திருப்பூர் மாத்திரையும் நம்ம ஊர் மாத்திரையும்

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்கு முன்பே அந்த அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வயது 63, எடை 46 கிலோ. விடிகாலையில் கொல்லைப்புறம் போனவர் கிணற்றடியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். மருமகள் தூக்கி நிறுத்தப் பார்த்தபோது மறுபடியும் கண் இருட்டியிருக்கிறது. "பேச்சு குழறுது, பக்கவாதமா இருக்குமோ" என்று பயந்துபோய்த்தான் வந்திருந்தார்கள்.

பக்கவாதம் இல்லை. கை கால் நான்கிலும் பலம் இருந்தது, வாய் கோணவில்லை. நாக்கு மட்டும் காய்ந்த தோல் மாதிரி வறண்டிருந்தது. பேச்சு குழறியதற்கு அதுவும் ஒரு காரணம். படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 84/50, நாடித்துடிப்பு 104. சர்க்கரை 112. இசிஜியில் மாரடைப்பின் அடையாளம் எதுவும் இல்லை. முந்தின நாள் சாயங்காலத்துக்கு அப்புறம் சிறுநீர் போகவில்லை என்றார் மருமகள்.

அந்த அம்மாவுக்கு ஒன்பது வருடமாகப் பிரஷர் உண்டு. எங்களிடம்தான் பார்த்துக்கொள்கிறார். வழக்கமாக 140-க்குக் கீழே இறங்கவே அடம்பிடிக்கிற பிரஷர் அன்றைக்கு 84-இல் நின்றது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் விசாரணை

இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போல. காய்ச்சல் இல்லை. கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றிவிடக் கூடாதே என்று மகன் சொல்லி, ஒரு நாளைக்கு நாலு இளநீர் என்று வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமிதம்: "எதை விட்டாலும் பிரஷர் மாத்திரைய மட்டும் விடலை டாக்டரம்மா. நீங்கதான விடக் கூடாதுன்னு சொன்னீங்க."

சொன்னேன்தான். எப்போது விட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனை ஒரு மணி நேரத்தில் வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 3.1. ஆறு மாதத்துக்கு முன்பு அதே அம்மாவுக்கு 0.9 இருந்தது. யூரியா 118. சோடியம் 122, சாதாரணமாக 135-இலிருந்து 145 வரை இருக்க வேண்டியது. பொட்டாசியம் 5.4, கொஞ்சம் அதிகம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சரியான அளவில் இருந்தன, எங்கும் அடைப்பு இல்லை. அதாவது, பழுதாகாத சிறுநீரகங்கள் திடீரென்று வேலையை நிறுத்தியிருக்கின்றன.

இரண்டு நாள் வயிற்றுப்போக்கு ஒருவரை இப்படிக் கவிழ்க்கலாம். ஆனாலும் கணக்கு எங்கோ இடித்தது. "வீட்டுல இருக்கிற மாத்திரை மொத்தத்தையும் கொண்டு வாங்க, குப்பையில போட்டது உட்பட" என்று மருமகளை அனுப்பினேன்.

மஞ்சப்பை

பத்து மணிவாக்கில் மருமகள் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார்.

முதலாவது, எங்கள் மருந்து: டெல்மிசார்ட்டன் 40 மில்லிகிராமும் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை. மூன்று வருடமாகத் தினமும் காலையில் ஒன்று. பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்ற எழுத்து.

இரண்டாவது, வேறு கம்பெனி, வேறு பெயர், வேறு நிறம். அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் டெல்மிசார்ட்டன் 40, அம்லோடிபின் 5, குளோர்தாலிடோன் 12.5. மூன்று மருந்து அடங்கிய ஒரே மாத்திரை.

மூன்றாவது, நாலாக மடித்த காகிதப் பொட்டலம். உள்ளே பெயர் ஊர் இல்லாத உதிரி மாத்திரைகள். நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த 'செட் மாத்திரை'. ஆடிப்பூரத்துக்குக் கோயிலில் மணிக்கணக்காகத் தரையில் உட்கார்ந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டதாம். மெடிக்கலில் சொன்னதும் அஞ்சு நாளைக்கு மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்கு போன் போட்டுக் கேட்டோம். ஒன்று டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை, ஒன்று வயிற்றெரிச்சலுக்கு, ஒன்று விட்டமின்.

நாலாவதாக வந்தது ஒரு வெற்றிலைச் செல்லம். பித்தளை. எந்த மாத்திரையை எடுத்தோம் என்று குழம்பக் கூடாது என்பதற்காக ஒரு வாரத்துக்கு வேண்டியதை அட்டையிலிருந்து பிதுக்கி அதில் போட்டு வைத்திருக்கிறார். எங்கள் மாத்திரை இரண்டு அடுக்கு கொண்டது, ஒரு பாதி வெள்ளை, மறுபாதி இளஞ்சிவப்பு. செல்லத்தில் கிடந்தவற்றில் வெள்ளைப் பாதி ஓரத்தில் உப்பி, பழுப்பேறி, நகத்தால் தொட்டால் உதிர்ந்தது. டெல்மிசார்ட்டன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மருந்து. சாப்பிடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். இது இந்த நோய்க்கதைக்கு நேரடிக் காரணம் இல்லைதான், ஆனால் வாரப்பெட்டி வாங்கிப் பிதுக்கி அடுக்குகிற வழக்கம் இப்போது வசதியான வீடுகளிலும் இருப்பதால் சொல்லி வைக்கிறேன். அட்டையைக் கத்தரியால் வெட்டி, உறையோடு போட்டுக்கொள்ளலாம். வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

சரி, இரண்டாவது மாத்திரை எங்கிருந்து வந்தது? மாலையில் கொஞ்சம் தெம்பு வந்ததும் அந்த அம்மாவே சொன்னார்.

ஆனியில் திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார். போகும்போதே கையில் மாத்திரை தீர்ந்துவிட்டது. மூன்று நாள் மாத்திரை இல்லாமல், அதில் ஒரு ராத்திரி பஸ் பயணம் வேறு. தலை கனக்கிறதென்று அங்கே ஒரு டாக்டரிடம் காட்டியபோது பிரஷர் 172/100. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். "ஒரு பிரஷர் மாத்திரை" என்று இவர் சொல்லியிருக்கிறார். அட்டையும் இல்லை, சீட்டும் இல்லை. ஒரு மாத்திரைக்கு அடங்காத பிரஷர் என்று எடுத்துக்கொண்டு அவர் மூன்று மருந்துக் கூட்டுக்கு மாற்றினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஏறக்குறைய அதைத்தான் செய்திருப்பேன். மூன்று நாள் மாத்திரை இல்லை என்ற செய்தி மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

திருப்பூரில் இருந்தவரை புதியது மட்டும்தான், ஒரு தொல்லையும் இல்லை. கிளம்பும்போது மகன் மூன்று மாதத்துக்கு வாங்கிக் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஊருக்கு வந்ததும் பழையதையும் ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டையுமா சாப்பிட்டீங்க?"

"அது திருப்பூர் மாத்திரை, இது நம்ம ஊர் மாத்திரை. அது வேற, இது வேறதான டாக்டரம்மா?"

நிறம் வேறு, பெயர் வேறு, எழுதிக் கொடுத்த டாக்டர் வேறு. ஒன்றாக இருக்கும் என்று அவர் ஏன் நினைக்க வேண்டும்?

நான் கோட்டைவிட்ட இடம்

மயங்கி விழுவதற்குப் பத்து நாள் முன்பு அவர் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்திருந்தார். எழுந்தால் லேசாகத் தலை சுற்றுகிறது என்றார். உட்காரவைத்துப் பார்த்தேன், 118/70. "அருமையா கன்ட்ரோல்ல இருக்கு, அப்படியே தொடருங்க" என்று சொல்லி அனுப்பியது நான்தான். சீட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

அதற்கு முந்தைய மூன்று வருகையிலும் 146, 144, 148. மருந்து மாறாமல் மேலெண் பழைய சராசரியிலிருந்து திடீரென்று 28 இறங்கினால் சந்தோஷப்படக் கூடாது, ஏன் என்று கேட்க வேண்டும். நிற்கவைத்து ஒன்றாவது நிமிடமும் மூன்றாவது நிமிடமும் பார்த்திருக்க வேண்டும். நின்றதும் மேலெண் 20 அல்லது கீழெண் 10 இறங்கினால் அது எழுந்து நிற்கும்போது வரும் தாழ்வழுத்தம். அன்றைக்கு வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். அது காரணமே தவிர நியாயம் இல்லை.

எங்கள் சீட்டிலும் பிராண்ட் பெயர் மட்டும்தான் இருந்தது. உள்ளே என்னென்ன மருந்து என்று எழுதவே இல்லை. திருப்பூர் டாக்டர் கையில் அந்தச் சீட்டே கிடைத்திருந்தாலும், பரிச்சயமில்லாத கம்பெனி என்றால் அவரும் தேடித்தான் பார்த்திருக்க வேண்டும்.

வயலும் மடையும்

இரண்டு மாத்திரையையும் கூட்டினால் டெல்மிசார்ட்டன் 80, அம்லோடிபின் 5, அப்புறம் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு நீர்மாத்திரைகள், அதாவது உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுபவை. முதல் இரண்டும் சாதாரணமாகக் கொடுக்கிற அளவுதான். 46 கிலோ உடம்புக்கு இரண்டு தயசைடு வகை நீர்மாத்திரைகள்தான் அதிகம். ஒல்லியான, வயதான பெண்களுக்கு இந்த வகை மருந்தால் சோடியம் இறங்குவது மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. இருந்தும் மூன்று வாரம் அவர் லேசான தலைச்சுற்றலோடு ஓட்டிவிட்டார். அந்த வண்டியில் டைக்ளோஃபெனாக்கும் வயிற்றுப்போக்கும் ஏறியபோதுதான் அச்சு முறிந்தது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டியும் ஒரு வயல். ஒரு பக்கம் தண்ணீர் பாயும் மடை, மறுபக்கம் வடியும் மடை. வயலில் தண்ணீர் தேங்கி நின்றால்தான் வடிகட்டல் நடக்கும். ஆற்றில் தண்ணீர் குறையும் காலத்தில் சிறுநீரகம் தானே பாயும் மடையை அகலத் திறந்து, வடியும் மடையைக் குறுக்கிக்கொள்ளும். திறந்து வைக்கிற வேலையைச் செய்வது உடம்பே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். குறுக்குகிற வேலையைச் செய்வது ஆஞ்சியோடென்சின் என்ற இன்னொரு பொருள்.

டைக்ளோஃபெனாக் புரோஸ்டாகிளாண்டினை நிறுத்துகிறது, பாயும் மடை சுருங்குகிறது. டெல்மிசார்ட்டன் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கிறது, வடியும் மடை திறந்துகொள்கிறது. நீர்மாத்திரையும் பேதியும் சேர்ந்து ஆற்றையே வற்றவைக்கின்றன. வயலில் என்ன நிற்கும்? மருத்துவர்கள் 'டிரிபிள் வாமி' என்று சொல்லும் மும்முனை அடி இதுதான். ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். பாரசிட்டமால் இந்தக் கணக்கில் வராது.

இளநீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. பேதியிலோ சோடியம் நிறைய வெளியேறும். டெல்மிசார்ட்டன் ஏற்கெனவே பொட்டாசியத்தைத் தக்கவைக்கிற மருந்து, சிறுநீரும் நின்றுவிட்டது. நாலு இளநீர் குடித்தவருக்குச் சோடியம் 122-ஆகவும் பொட்டாசியம் 5.4-ஆகவும் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. பேதிக்கு ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல்தான் சரி. இதே வரிசையில் 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பையும் வைக்கலாம், அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இந்துப்பு அப்படியில்லை. அது பெரும்பாலும் சாதாரண சோடியம் குளோரைடுதான், பிரஷருக்கு நல்லது என்று ஏமாற வேண்டாம்.

ஐந்து நாள்

எல்லா மாத்திரையையும் நிறுத்தினோம். முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நார்மல் சலைன் (உப்புநீர் டிரிப்), பாதி பாதியாக, நெஞ்சில் சளிச்சத்தம் கேட்கிறதா என்று பார்த்துப் பார்த்து. பிரஷர் 98/60-க்கு வந்தது. மதியம் மூன்று மணிக்குச் சிறுநீர் இறங்க ஆரம்பித்தது. அதன் பிறகுதான் உண்மையான கவனம் தேவைப்பட்டது. நீர்ச்சத்து ஏறியதும் உடம்பு சட்டென்று தண்ணீரை வெளியே தள்ளும், சோடியம் குபீரென்று ஏறும். வேகமாக ஏறினால் மூளைத்தண்டு பாதிக்கப்படலாம். 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏறக் கூடாது என்று எல்லை வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தோம். மறுநாள் காலை 128, அடுத்த நாள் 132. கிரியாட்டினின் 3.1, 2.4, 1.6 என்று இறங்கி ஐந்தாம் நாள் 1.1. டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

பிரஷர் மட்டும் இரண்டு நாள் 110-ஐத் தாண்டவில்லை. மகன் கவலைப்பட்டுக் கேட்டார், மாத்திரையைத்தான் நிறுத்தியாயிற்றே என்று. குளோர்தாலிடோன் உடம்பில் பாதியாகக் குறையவே 40 முதல் 60 மணி நேரம் ஆகும். அம்லோடிபினுக்கும் 30 முதல் 50 மணி நேரம். நிறுத்திய அன்றே இவை இறங்கிப் போய்விடுவதில்லை.

கூட்டு மாத்திரை கெட்டதா?

"இனிமே ரெண்டு மூணு மருந்து கலந்த மாத்திரையே வேண்டாம் டாக்டர், தனித்தனியாவே குடுத்துடுங்க" என்றார் மகன். அவர் கோபம் புரிகிறது. ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகை மருந்தொன்றைச் சேர்ப்பது பிரஷரைப் பல மடங்கு கூடுதலாக இறக்கும், பக்கவிளைவும் குறைவு. அம்லோடிபினால் வரும் கால்வீக்கம் டெல்மிசார்ட்டன் சேர்ந்தால் பலருக்குக் குறைகிறது. இரண்டையும் ஒரே மாத்திரையில் அடக்கினால் மறப்பதும் குறையும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பிரஷருக்கான கூட்டு மாத்திரைகளைச் சேர்த்தது. டெல்மிசார்ட்டன், அம்லோடிபின் கூட்டு அதில் உண்டு. 2021-இல் வந்த அதன் வழிகாட்டியும் ஒரே மாத்திரைக் கூட்டைத்தான் விரும்பத்தக்கது என்கிறது. ஒரே பாதையில் போகிற இரண்டைச் சேர்ப்பதுதான் தவறு. டெல்மிசார்ட்டனையும் ராமிப்ரிலையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆன்டார்கெட் ஆய்வில் (2008) கூடுதல் பலன் கிடைக்கவில்லை, தாழ்வழுத்தமும் சிறுநீரகக் கோளாறும்தான் கூடின.

இந்த அம்மா விஷயத்தில் கோளாறு கூட்டில் இல்லை. நாம் எல்லோரும் மாத்திரையை எண்ணுகிறோம், உள்ளே இருக்கும் மருந்தை எண்ணுவதில்லை. பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளை நம்பவும் முடியாது. 'ஹெச்' என்றால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு, 'சிடி' என்றால் குளோர்தாலிடோன், 'ஏஎம்' என்றால் அம்லோடிபின். ஆனால் வெறும் 'ஏ' என்பது ஒரு பிராண்டில் அம்லோடிபின், இன்னொன்றில் அட்டனோலால். எழுத்து கம்பெனி இஷ்டம்.

வீட்டுக்கு அனுப்பும்போது

ஐந்தாம் நாள் பிரஷர் 152/88. அம்லோடிபின் 5 மட்டும் கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து 144/82, கிரியாட்டினின் 0.9. அப்போதுதான் டெல்மிசார்ட்டன் 40, அம்லோடிபின் 5 சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினேன். நீர்மாத்திரையைத் திரும்பத் தொடவில்லை. இவருக்கு அது இனி வேண்டாம்.

ஒரு அட்டை எழுதிக் கொடுத்தோம். பிராண்ட் பெயர் ஓரமாக, மருந்துகளின் பெயர் பெரிதாகத் தமிழில். அதன் பின்பக்கம் மருமகள் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்: வாந்தி பேதி வந்து சாப்பாடு தண்ணி இறங்காட்டி டாக்டருக்கு போன் போட்டு டெல்மிசார்ட்டனை நிறுத்தணும், நல்லா சாப்பிட ஆரம்பிச்சு ஒரு நாள் ரெண்டு நாள்ல திரும்ப ஆரம்பிக்கணும். இரண்டாவது பாதியை நான் வற்புறுத்தினேன். நிறுத்தச் சொன்னதை நினைவு வைத்து, ஆரம்பிக்கச் சொன்னதை மறந்து, ஆறு மாதம் கழித்துப் பக்கவாதத்தோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எல்லா மருந்துக்கும் இந்த விதி பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அட்டனோலால், மெட்டோப்ரோலால், குளோனிடின் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷரும் படபடப்பும் எகிறும்.

காலையா ராத்திரியா என்று கேட்டார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் வித்தியாசம் எதுவும் இல்லை. மறக்காத நேரம் எதுவோ அது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

கிளம்பும் சமயத்தில் மருமகள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். போன மாதம் தலைவலி வந்தபோது பக்கத்து வீட்டு மெஷினில் தனக்கும் 150 காட்டியதாம். மாமியார் மாத்திரையில் இரண்டு நாள் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். வயது 29, இரண்டாவது குழந்தைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெல்மிசார்ட்டன் வகை மருந்துகள் கர்ப்பத்தில் கூடவே கூடாதவை, சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அங்கேயே உட்காரவைத்துக் கர்ப்பப் பரிசோதனை செய்தோம், இல்லை என்று வந்தது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பிரஷர் 124/78.

புதிய மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் கழித்து அந்த அம்மா பேரனோடு வந்தார். கையில் அட்டை, மஞ்சப்பை, பையில் இரண்டு அட்டை மாத்திரை. மெடிக்கலில் பழைய கம்பெனி ஸ்டாக் இல்லையென்று வேறு கொடுத்திருக்கிறார்கள்.

"வேற பேரு போட்டிருக்கு டாக்டரம்மா. இவன் பொடி எழுத்தைப் படிச்சிட்டு ரெண்டும் ஒண்ணுதான்கிறான். அதான் பழசு தீர்ற வரைக்கும் இதைப் பிரிக்கலை. சரியா?"

பேரன் எட்டாம் வகுப்பு. அவன் படித்தது சரிதான். கிரியாட்டினின் 1.0, சோடியம் 138, பொட்டாசியம் 4.5. உட்கார்ந்து 132/78. எழுந்து நிற்கச் சொன்னேன். மூன்றாவது நிமிடம் 126/76.